ஜீப்புக்கு மாட்டிய மஞ்சள் விளக்குகள்

கண் டாக்டர் சொன்னதை நம்பாமல்தான் ஜீப்புக்கு விளக்கு வாங்கப் போனேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. முழுக்க நம்பினேன். நம்பிக்கொண்டேதான் கடைக்கும் போனேன். மனிதன் ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தையும் செய்வான்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குள் ஒரு திரை இருக்கிறது, அது ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது என்றார். முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு பக்கவாட்டில் தெரிவது சுருங்கும். கடைசியில் நடுவில் சாவித்துவாரம் அளவுக்கு மிஞ்சும், அதுவும் எத்தனை காலத்துக்கு என்று சொல்ல முடியாது. மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை, கண்ணாடி மாற்றியும் பயன் இல்லை. “இருட்டினதுக்கு அப்புறம் வண்டியைத் தொடாதீங்க. போகப் போக பகல்லயும் விட்டுடணும்” என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து இப்படி யாரும் பேசமாட்டார்கள். அவர் வெளியூர்க்காரர்.

நான் மோட்டார் பம்பு மெக்கானிக். பட்டறை சிங்காநல்லூரில். காயில் கட்டுவது, பேரிங் மாற்றுவது எல்லாம் பட்டறையில் நடக்கும். ஆனால் என் பிழைப்பு இருந்தது மலை மேல். பொள்ளாச்சி தாண்டி ஏறினால் தேயிலையும் காப்பியும்தான். ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற ஒவ்வொரு எஸ்டேட்டிலும் மோட்டார் உண்டு. அது கெட்டுப்போனால் தூக்கிக்கொண்டு யாரும் கீழே வரமாட்டார்கள், நான்தான் போக வேண்டும். தார் ரோடு முடிந்த பிறகு கல்லும் சேறுமாக ஒரு தடம். அதில் என் பழைய டீசல் ஜீப் நான்கு சக்கரமும் பிடித்து ஏறும். என்னைவிடக் கெட்டிக்கார மெக்கானிக்குகள் சிங்காநல்லூரில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். அந்தத் தடத்தில் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிற மெக்கானிக் நான் ஒருவன்தான். அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டால் என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றும் இல்லை.

டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்று பலரும் சொன்னார்கள். அந்தத் தடத்துக்கு வருகிற டிரைவர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் நான் வைத்துக்கொண்டிருக்கமாட்டேன். என் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போக நான் என்ன பழுதான மோட்டாரா?

விளக்கு ஆசை வந்தது ஒரு மார்கழியில். மேலே ஒரு எஸ்டேட்டில் வேலையை முடித்துவிட்டு சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடமாக ஓட்டிய தடம். ஒரு வளைவு வர வேண்டிய இடத்தில் வரவில்லை, அல்லது வந்ததை நான் பார்க்கவில்லை. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் சாக்கடையில் இறங்கி, வண்டி சாய்ந்து நின்றது. எஸ்டேட் கூலிக்காரர்களின் லயன் வீடுகளிலிருந்து ஆட்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. “பனிங்க. இந்தப் பனில எமனே வந்தாலும் வழி தெரியாதுங்க” என்றார் ஒரு பெரியவர். மற்றவர்களும் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பனிதான், வேறென்ன?

கயிறு கட்டி இழுத்ததை அவர்களில் ஒருவர் போனில் படம் எடுத்திருந்தார். மறுநாள் அதை ஆசையாக எனக்கு அனுப்பிவைத்தார். படத்தில் ஜீப் சாய்ந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் எதிர்ச்சரிவு வரைக்கும் தேயிலை வரிசை வரிசையாகத் தெளிவாகத் தெரிகிறது. பனி மருந்துக்குக்கூட இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது, “அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?” என்று. அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. எங்கள் வீடுகளில் அது விசேஷமே இல்லை. “அம்மா வழியில யாருக்காவது ராத்திரி கண் தெரியாம இருந்துதா?” என்று அடுத்துக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் தாய்மாமன் ஞாபகம் வந்தது.

கல்யாண வீடுகளில் மாமா பொழுது இருக்கும்போதே வந்துவிடுவார். பந்தலில் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருக்கமாட்டார். வெற்றிலை அவரிடம் போகும், சாப்பாடு அவரிடம் போகும், மாப்பிள்ளையும் பெண்ணும் அவர் இருக்கிற இடத்துக்கே போய் விழுந்து கும்பிடுவார்கள். பெரிய மனுஷன், எழுந்து வரமாட்டார் என்பார்கள். அவ்வளவு கௌரவம் என்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறோம். ஒரு சொந்தமே சேர்ந்து ஒரு மனிதனின் குருட்டைக் கௌரவமாக மாற்றி வைத்திருந்தது. சொன்னால் அவர் மனது நோகுமாம், அவர் பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்காதாம். அவருக்கே தெரியுமோ என்னவோ.

என் மனைவியும் அதே மண்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து வீட்டில் முருங்கைக்கீரை, ஈரல், மறுபடி முருங்கைக்கீரை. எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலைக்குக் கிளம்பினால், “நாளைக்கு வெள்ளெனப் போனா ஆகாதுங்களா?” என்பாள். ஓட்ட வேண்டாம் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. வந்திருந்தால் நான் கத்தியிருப்பேன், அதற்குப் பிறகாவது யோசித்திருப்பேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு பழமொழி உண்டு. எனக்குக் கெட்டுக்கொண்டிருக்கும்போதே புத்தி அந்தப் பக்கம் போனது. என் தொழிலே அப்படி. மோட்டார் ஓடவில்லை என்று போன் வந்தால், மோட்டார் போச்சு என்றுதான் எல்லோரும் அழுவார்கள். நான் மோட்டாரைத் தொடவே மாட்டேன். முதலில் ஒயரைப் பார்ப்பேன், பிறகு ஸ்டார்ட்டர், பிறகு பியூஸ். பெரும்பாலும் குறை வழியில்தான் இருக்கும், மோட்டாரில் இருக்காது. ஆயுள் முழுக்க இப்படிப் பார்த்துப் பழகியவன், என் கண்ணையும் அப்படித்தான் பார்த்தேன். பார்வை குறைகிறதா, வெளிச்சத்தைக் கூட்டு.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆட்டோ எலெக்ட்ரீசியன் ஒருவர் கடை வைத்திருக்கிறார். என்னைவிடச் சின்னவர், நான் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். ஆனால் ஒருவரை ஒருவர் வாங்க போங்கதான். வாங்கி வந்த பெட்டிகளை அவர் முன்னால் பிரித்து வைத்தேன். தூரத்துக்கு வெள்ளையாக இரண்டு பெரிய விளக்கு. பனிக்கு மஞ்சளாக இரண்டு சின்ன விளக்கு. நான்கும் ஹாலஜன்.

“எல்.இ.டி. பார் ஒண்ணு மேல மாட்டிப்போடலாமுங்ணா. பகலாட்ட இருக்குமுங்க” என்றார்.

“மலைல வெள்ளை வெளிச்சத்தை மேல மாட்டுனா பனில பட்டு மூஞ்சிக்கே திரும்புமுங்க தம்பி. பனி ரோட்டுக்கு மேலதான் நிக்கும். மஞ்சளக் கீழ போட்டாத்தான் அடில பூந்து ஓரம் காட்டும்.”

“அதுஞ் செரிதானுங்ணா” என்றார். எதற்கும் அவர் அதுதான் சொல்வார்.

வேலையை இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். அந்தச் சில நாட்கள் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பகல் வேலை, கைக்குப் பக்கத்திலேயே இருக்கிற வேலை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பம்பருக்கு மேலே பட்டைக் கம்பி வெல்டிங் வைத்து வெள்ளை விளக்குகளை உட்கார வைத்தோம். பம்பருக்கு அடியில், கல் படாத உயரத்தில், இரண்டு ஓரத்திலும் மஞ்சள். கடைகளில் அவசரத்துக்கு ஹெட்லைட் ஒயரிலேயே கிள்ளி இணைத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த மெல்லிசு ஒயர் இத்தனை பாரத்தைத் தாங்காது. விளக்கு மங்கும், ஒயர் காயும், ஒருநாள் புகையும். நான் பேட்டரியிலிருந்தே தடித்த ஒயர் இழுக்கச் சொன்னேன். பேட்டரியை ஒட்டி பியூஸ், பிறகு ரிலே, ரிலேயிலிருந்து விளக்கு. டாஷ்போர்டில் இருக்கிற சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், பாரம் முழுவதையும் ரிலே பார்த்துக்கொள்ளும். வெள்ளைக்கு ஒரு ரிலே, மஞ்சளுக்கு ஒரு ரிலே. எர்த் ஒயருக்கு சேசிஸில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட்டோம். எஞ்சின் சூடு படுகிற இடமெல்லாம் ஒயருக்கு மேல் ஸ்லீவ் மாட்டினோம். குறை வருவதற்கு வழியில் ஓர் இடம்கூட விடவில்லை.

மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வண்டியின் முன்னால் நின்று பார்த்தாள். பிறகு மெதுவாக, “ஏனுங்க, இந்த லைட்டெல்லாம் வண்டிக்குங்களா, உங்களுக்குங்களா?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எலெக்ட்ரீசியன் எதிரில் இருப்பதையும் பார்க்காமல், “லைட்டு வண்டிக்கு மாட்டாம, என்ற நெத்திலயா மாட்டுவாங்க?” என்று சத்தம் போட்டேன். “செரி, போச்சாதுங்க” என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பயந்த மனிதன் டீ கொண்டுவந்தவளிடம்தான் கத்துவான்.

பொழுதோடு, பட்டறையின் பின்சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி விளக்கின் குறி பார்த்தோம். சுவரில் விளக்கின் உயரத்துக்குச் சாக்பீஸில் கோடு போட்டு, வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விழும்படி திருப்பி முறுக்க வேண்டும். வெள்ளையைப் போட்டார், சுவரில் வட்டமாக விழுந்தது. மஞ்சளைப் போட்டார், சுவர் மஞ்சளானது. எனக்குத் தெரிந்தது! கோடு தெரிந்தது, செங்கல்லின் இடுக்கு தெரிந்தது, ஓரமாக ஓடிய பல்லிகூடத் தெரிந்தது. எதிரிலேயே சுவரை வைத்துக்கொண்டால் யாருக்குத்தான் தெரியாது என்று அப்போது தோன்றவில்லை. “பாத்தீங்களா தம்பி” என்றேன். “சூப்பருங்ணா” என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சமாதானமாகப் பேசினேன், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் மலைக்குப் போகலாம் என்று எஸ்டேட்டுக்குப் போன்கூடப் பண்ணிவிட்டேன்.

மலைக்குப் போகும் முன் ஒரு முறை இருட்டில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சொன்னது எலெக்ட்ரீசியன்தான். நானும் வருகிறேன் என்றார். கிணத்துக்கடவுக்கு மேற்கே தென்னந்தோப்புகளுக்குள் போகிற மண் தடம் ஒன்று எனக்குத் தெரியும், அங்கே தெரு விளக்கு இல்லை. தார் ரோட்டிலிருந்து அதில் இறங்கும்போது, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்குதுங்ணா, சித்தெ பொறுத்து லைட்டைப் போடலாமுங்க என்றார். எனக்கு ஏற்கெனவே இருட்டிவிட்டிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளை சுவிட்சைத் தட்டினேன். தூரத்தில் தென்னை மரங்கள் சட்டென்று எழுந்து நின்றன. இத்தனை நாளாக இழந்ததெல்லாம் ஒரே தட்டில் திரும்பி வந்துவிட்டதுபோல இருந்தது. சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தேன், அவரும் சிரித்தார். கொஞ்ச தூரம் அப்படியே போனோம். பிறகு மஞ்சளைத் தட்டினேன்.

ஒன்றும் மாறவில்லை. நடுவில் மரங்கள் தெரிந்தன. இரண்டு பக்கமும் இருட்டு இருந்த இடத்தில் இருட்டுதான் இருந்தது. ரிலே சரியாக உட்காரவில்லை, ஒரு குலுங்கு குலுங்கினால் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்து மேலே ஓட்டினேன். அவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று என் தொடையைத் தொட்டார்.

“சித்தெ அக்கட்டால ஒடிங்ணா. ஒருத்தரு சைக்கிள்ள வராருங்க.”

குரல் அப்போதும் மரியாதையாகத்தான் இருந்தது, விரல்கள் மட்டும் தொடையில் அழுந்தின. நான் வலப்பக்கம் ஒடித்தேன். இடப்பக்கத்தில் எதுவோ தகரத்தை உரசிக்கொண்டு போனது. பிரேக் அடித்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “போச்சாதுங்க, புல்லுக்கட்டுதானுங்க. பாத்துப் போங்க.” அந்த மனிதரை நான் பார்க்கவே இல்லை. வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. ஒரு ஆளை நான் அடித்திருப்பேன், அவரோ எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போகிறார்.

“மஞ்ச எரியலீங்க தம்பி” என்றேன்.

அவர் குனிந்து, சுவிட்சில் எரிந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தார்.

“எரிஞ்சிருந்தா அந்த ஆளு எனக்குத் தெரிஞ்சிருப்பாருங்க. ஓரத்துக்குத்தான மஞ்ச போட்டிருக்கறோம்? சுவிட்ச்சுல செவப்பு எரியறத நம்பக்கூடாதுங்க. அது சுவிட்ச் வரைக்கும் கரண்டு வந்ததத்தான் சொல்லும். வெளக்குக்குப் போச்சான்னு அதுக்குத் தெரியாதுங்க.”

அவர் வெளியே, முன்னால், பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “ஆமாங்ணா. பியூஸ் போயிருக்குமுங்க. நீங்க இருங்க, நான் பாத்துப்போடறேன்” என்றார். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு இறங்கி பானெட்டைத் திறந்தார்.

எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. ஒருவேளை மண் தடத்தில் குலுங்கி விளக்கின் நட் கழன்று, ஒயர் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். இறங்கி, மட்கார்டைப் பிடித்துக்கொண்டே முன்னால் போனேன். குனிந்து பம்பருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். உள்ளங்கை முழுவதும் மஞ்சள் விளக்கின் கண்ணாடியில் பதிந்தது.

தோசைக்கல்லாகக் கொதித்தது.

கையை இழுத்துக்கொண்டேன். சத்தம் போடவில்லை. ஒரு மோட்டார் சற்று முன்பு ஓடியதா இல்லையா என்று கேட்டால் நாங்கள் மீட்டரைத் தேடமாட்டோம், மேலே கை வைத்துப் பார்ப்போம். ஓடாத மோட்டார் சுடாது. எரியாத விளக்கும் சுடாது. நான் சுவிட்சைத் தட்டியதிலிருந்து அது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஓரம் முழுக்கக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறது. புல்லுக்கட்டோடு வந்த மனிதரையும் காட்டியிருக்கிறது. ஒயர் சரி, எர்த் சரி, ரிலே சரி, பியூஸ் சரி. வழியில் எங்கேயும் குறை இல்லை.

பானெட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். பியூஸைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பிடுங்கியதையே திரும்பச் செருகுகிற சத்தமும் கேட்டது. புது பியூஸ் டாஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிறது. அதை எடுக்க அவர் வரவே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டில் நின்றேன், கண்ணீர் அது பாட்டுக்கு வந்தது. அதற்கு மட்டும் இந்தக் கண் எப்போதும் நன்றாக வேலை செய்கிறது.

பானெட்டை மூடினார். “மாத்திப்போட்டேனுங்ணா. இப்ப எரியுமுங்க” என்று உள்ளே கையை விட்டு சுவிட்சைத் தட்டினார். என் முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகளும் எரிந்தன. குனிந்து நேராகப் பார்த்தபோது விளக்குகள் தெரிந்தன. அவை எதைக் காட்டினவோ, அது தெரியவில்லை.

“தெரியுதுங்களாண்ணா?” என்றார். எரிகிறதா என்று அவர் கேட்கவில்லை.

“நல்லாத் தெரியுதுங்க தம்பி” என்றேன். நானும் இந்த ஊர்க்காரன்தானே.

அவர் நகராமல் நின்றார். நான் டிரைவர் சீட்டுப் பக்கம் போவேன் என்று பயந்துகொண்டு நிற்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. என்னைப் போகாதே என்று சொல்லும் வார்த்தை அவரிடம் இல்லை. சொல்லித்தரவும் இந்த ஊரில் ஆள் இல்லை.

“நீங்களே ஓட்டிப்போடுங்க. எனக்குக் கை சுட்டுப்போச்சுங்க” என்றேன்.

எதில் சுட்டது என்று அவர் கேட்கவில்லை. பிறகு கிட்டே வந்து, “இக்கட்டால வாங்ணா, அங்க முள்ளுக்கம்பி வேலிங்க” என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் வெளிச்சம் முழுவதும் அந்த வேலியின் மேல்தான் விழுந்திருக்க வேண்டும். நான் அவர் இழுத்த பக்கமாக நடந்து போய், இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.